துரைசானி வைத்த பெயர்

மாப்ளே,

இன்றைக்குத்தான் மூடுபனி விலகி வெயில் வந்தது. பேத்தி வாசலில் சாக்கை விரித்துக் காப்பிப் பழத்தைக் கொட்டினாள். சூடு ஏற ஏற அந்தப் புளித்த வாடை கிளம்பியது. பாதி கள், பாதி வெல்லம் மாதிரி. உன் சட்டையில் எந்நேரமும் இருந்த வாடை. கட்டிலில் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தேன். உன்மேல் உள்ள கோபமும் கூடவே எழுந்து உட்கார்ந்தது.

எழுத்து உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். போய்ச் சேர்ந்தவருக்கு எதற்குத் தாத்தா மடல் என்று கேட்டாள். திட்டுவதற்கு என்றேன்.

எஸ்டேட்டில் காப்பி காயும் களத்துக்கு நீ காவல். நான் பங்களாத் தோட்டத்தில். நீ காப்பியைக் காலால் கிளறிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாய். எதற்குச் சிரிக்கிறாய் என்று உனக்கே தெரியாது. ஒருநாள் களத்துக்கு வந்த துரைசானி உன்னைப் பார்த்து "சன்ஷைன்" என்றாள். கூட நின்ற, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர்தான் விளக்கம் சொன்னார்.

"உன்னைய வெயிலுங்கறாங்கப்பா. சன்னுன்னா சூரியன். ஷைன்னா அது விடற வெளிச்சம். ரண்டையும் சேத்துக் கட்டுன பழைய வார்த்தையாம். அவிங்க சீமையில வெயிலு நொம்ப அபூர்வம். அதனால பிரியமானவங்களை, சிரிச்ச மொகத்துக்காரங்களை அப்படிக் கூப்புடுவாங்களாம்."

"ஏனுங்க, நெசமாவா சொல்றீங்க?" என்று கேட்டு நீ அப்படியே நின்றாய். அன்றைக்கு நாம் குடியிருந்த லைன் வீடுகளுக்குத் திரும்பும்போது நான் சொன்னேன்.

"சேலத்து வெயிலு ஆகாதுன்னுதான் இவுங்க ஆளுங்க மலையேறி வந்து பங்களா கட்டிக்கிட்டாங்க. உன்னையப் போயி வெயிலுங்கறாங்க. நல்லா ரோசன பண்ணிப் பாரு மாப்ளே."

"உனக்கு வயிறு எரியுது மச்சான்" என்றாய்.

நம் பேச்சில் பிள்ளையைக் கண்ணு என்போம், சாமி என்போம். வெயில் என்று யாரையும் கொஞ்சியதில்லை. தப்பு பண்ணினவனைத்தான் வெயிலில் நிறுத்துவோம். வாழ வைத்தவரை "அவரு நெழல்ல இருக்கறமுங்க" என்போம். இதையெல்லாம் உனக்கு எடுத்துச் சொல்ல முடியவில்லை. அந்த வருசம் சேர்வராயன் கோயில் திருவிழாவில், எந்தப் பேருக்குப் பூசை என்று பூசாரி கேட்டதற்கு, அப்பா அம்மா வைத்த பேரை விட்டுவிட்டு "சன்ஷைன்" என்றாய். "சாமிக்குத் தெரிஞ்ச பேராச் சொல்லுப்பா, அவரும் நம்மாளுதான்" என்றார் பூசாரி. வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

பங்களாவில் துரைசானி ஒரு நாய் வளர்த்தாளே, காதுமயிர் தொங்கும் செவலை நாய். தினம் காலையில் அதற்குப் பால் வைத்துவிட்டு, தலையைத் தடவி, "சன்ஷைன், சன்ஷைன்" என்பாள். என் காதால் கேட்டேன். அன்றைக்கே களத்துக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ காப்பியைக் கிளறுவதை நிறுத்தக்கூட இல்லை.

"வெயிலு நாய்மேலயும் அடிக்குது, எம்மேலயும் அடிக்குது. அதுக்கென்ன மச்சான்?"

இந்தச் சொல்லுக்கு இத்தனை வருசமாகப் பதில் தேடுகிறேன். கிடைக்கவில்லை. அதனாலேயே எரிச்சல் இன்னும் கூடுகிறது.

எஸ்டேட்டை விற்றுவிட்டுத் துரைசானி சீமைக்குப் போகிறாள் என்று சேதி வந்தது. வாங்குகிறவன் லைன் வீடுகளை இடிக்கப் போகிறான் என்பதும் தெரிந்தது. நம் ஆட்கள் எல்லோரும் அந்த லைனில்தான் பிறந்து வளர்ந்தவர்கள். ஓடைக்கரையில் காப்பி வராத கல்லுக்காடு ஒன்று சும்மா கிடந்தது. அதை நமக்கு ஒதுக்கிவிட்டு விற்கும்படி கேட்கலாம் என்று எல்லோரும் கூடிப் பேசினோம். துரைசானி முகம் கொடுத்துப் பேசும் ஒரே ஆள் நீதான். "நீ கேளு சாமி, உம் பேச்சத்தான் கேப்பாங்க" என்று பெண்டுகள் உன் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கேக்கறது அசிங்கமுங்க" என்றாய். "அத்தன பிரியமா பேரு வெச்சுக் கூப்புடறவங்க நம்மள நடுத்தெருவுலயா உடுவாங்க? அவங்களாவே செய்வாங்க. நாம வாயத் தொறந்தா அந்தப் பேருக்கு என்ன மரியாதை?"

அவள் புறப்பட்ட காலையில் எல்லோரும் பாதையோரம் நின்றோம். நீ கூடை நிறைய ஆரஞ்சோடு முன்னால் நின்றாய். கார் நின்றது. கூடையை வாங்கிக்கொண்டாள். உன் கன்னத்தைத் தட்டி "குட்பை, சன்ஷைன்" என்றாள். "கேளு மாப்ளே, இப்பக் கேளு" என்று பின்னாலிருந்து உன் முதுகில் குத்தினேன். நீ கும்பிட்டுக்கொண்டே நின்றாய். நான் முன்னால் போய் "அம்மா, எங்க ஊடுங்க" என்று சொல்வதற்குள் கார் வளைவில் இறங்கிவிட்டது. பின் ஜன்னலில் நாயின் தலை தெரிந்தது. அது ஊருக்குப் போனது.

மழைக்கு முன்னாலேயே லைனை இடித்தார்கள். ஆளுக்கொரு திசையாகப் போனோம். நான் மஞ்சக்குட்டையில் மகன் வீட்டுக்கு வந்தேன். நீ மட்டும் களத்தோரம் சாக்கு அடுக்கும் கொட்டகையில் கிடந்தாய், அவள் சேதி அனுப்புவாள் என்று. கொட்டகையையும் பிரித்த பிறகு கிளியூரில் உன் தங்கை வீட்டு மாட்டுச்சாளையில் படுத்தாய். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தது மூடுபனிக் காலம். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "வெயிலு வந்துருச்சா மச்சான்?" என்று கேட்டாய். வரவில்லை என்றேன். அதற்கும் சிரித்தாய்.

இதை எழுதும்போது பேத்தி ஒன்று சொன்னாள். அந்தச் சொல்லை அவர்கள் இளக்காரமாகவும் சொல்வதுண்டாம். வேலைக்குப் பிந்தி வருகிறவனை நாம் "வாங்க ராசா" என்போமே, அந்த மாதிரி. பூட்ஸைத் துடைத்து மினுக்குவதும் ஷைன்தானாம். அவள் உன்னை எந்தக் கணக்கில் அப்படிக் கூப்பிட்டாள் என்று இனி யாரிடம் கேட்பது? இளக்காரமாகச் சொல்லியிருந்தால்கூட என் மனசு ஆறிவிடும். பிரியமாகத்தான் சொன்னாள் என்று தோன்றும்போதுதான் பொறுக்க முடியவில்லை. பிரியம் இருந்தும் ஒரு கல்லுக்காடு கொடுக்கத் தோன்றவில்லையே.

சாக்கோரத்தில், சூடேறிய மண்ணில், தெருநாய் ஒன்று வந்து படுத்துக்கொண்டது. விரட்டுங்க தாத்தா என்றாள் பேத்தி. விரட்டவில்லை.

காப்பி காய்ந்ததா என்று பார்க்க நீ ஒரு பிடி அள்ளிக் காதோரம் குலுக்குவாய். உள்ளே கொட்டை கலகலத்தால் காய்ந்துவிட்டது, மூட்டை கட்டலாம். உன்மேல் உள்ள கோபத்தை நானும் அப்படித்தான் வருசா வருசம் எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறேன் மாப்ளே.

இன்னும் சத்தம் வரவில்லை.