நின்ற பிறகு வந்த ரத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று காலை என்னிடம் கார் ஓட்டப் பழக வந்த பெண் ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். “ஏம்மா?” என்றேன். “பயமா இருக்கு மேடம், அதான்” என்றாள். என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருப்பதால் இருவரும் முழுசாகத் திரும்பி வந்தோம்.

வீட்டுக்கு வந்து உடை மாற்றும்போது உள்ளாடையில் கறை. பழுப்பும் சிவப்பும் கலந்து. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மாதவிலக்கு நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மிச்சமிருந்த நாப்கினை எல்லாம் மகளிடம் கொடுத்துவிட்டு, தலைமுழுகியாச்சு என்று நிம்மதியாக இருந்தேன். இது இப்போது எங்கேயிருந்து?

மார்ச் 6, வியாழன்

இன்று ரத்தம் இல்லை, தண்ணீர் மாதிரி வடிகிறது. இறைச்சி கழுவிய தண்ணீரின் நிறம். ஒரு வாடையும் இருக்கிறது. வெள்ளைப்படுதல் எனக்குப் புதிதில்லை. மாதத்தின் நடுவில் வழுவழுவென்று வருவது, விலக்குக்கு முன்னால் கெட்டியாக வருவது, எல்லாம் பார்த்தவள்தான். இது அந்த வகையில் சேராது.

மார்ச் 10, திங்கள்

அக்காவுக்கு போன் செய்து சொன்னேன்.

“சூடுடி. நாள் முழுக்க காருக்குள்ளேயே உக்காந்திருந்தா வராம என்ன பண்ணும்? நிறையத் தண்ணி குடி. ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத.”

“ஊருக்கு எங்கக்கா சொன்னேன்? உன்கிட்டதான் சொல்றேன்.”

“அதுவே அதிகம்.”

வைத்துவிட்டாள். அக்கா இப்படி பாதியில் போனை வைக்கிற ஆள் கிடையாது.

மார்ச் 15, சனி

தெருமுனை டாக்டரிடம் போனேன். குடும்பத்தில் எல்லோருக்கும் இருமல், காய்ச்சல் பார்ப்பவர். நான் சொல்லி முடிப்பதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார்.

“இந்த வயசுல ஹார்மோன் ஏறும், இறங்கும். மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா.”

“ஸ்கேன் எதுவும் வேண்டாமா டாக்டர்?”

“இன்டர்நெட்ல பார்த்தீங்களா?”

“இல்ல டாக்டர். உள்ளாடையில பார்த்தேன்.”

பேனாவை மூடினார். நானும் எழுந்து வந்துவிட்டேன். மாத்திரை வாங்கவில்லை. என்னவென்றே பார்க்காமல் எதற்கு மாத்திரை?

மார்ச் 17, திங்கள்

இன்று வண்டி சீட்டில் ரத்தம் நன்றாகவே பட்டுவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த வங்கி ஊழியர் கவனித்துவிட்டார், சின்ன வயசுப் பெண். முகம் வெளுத்து, வண்டியை ஓரம் கட்டட்டுமா என்று கேட்டார்.

“ரத்தம்தான். சீட் கவரைத் துவைச்சுக்கலாம். நீங்க இண்டிகேட்டரைப் போடுங்க, வலது பக்கம் திரும்பணும்.”

திரும்பினோம். என் குரல் ஆடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பெரிய மருத்துவமனையில் பெண்கள் சிகிச்சைப் பிரிவு. இந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். எப்போது நின்றது, எவ்வளவு போகிறது, என்ன நிறம், வாடை உண்டா, உறவுக்குப் பிறகு வருகிறதா, சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் — எதையும் சுற்றி வளைக்காமல் கேட்டார். நானும் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எவ்வளவு லேசாக இருந்தது.

“பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் தாண்டிட்டா, அதுக்கப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் வந்து காட்டணும். நிறைய பேருக்கு சின்னக் காரணமாத்தான் இருக்கும். உள்பக்கம் வறண்டு மெலிஞ்சிருக்கும், இல்லன்னா சதை வளர்ச்சி இருக்கும். ஆனா அதைப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். பார்க்காம சொல்லக் கூடாது.”

பார்த்தார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்திருக்கிறதாம். மெல்லிய குழாய் விட்டு கொஞ்சம் திசு எடுத்தார்கள். வலித்தது. வலிக்கவில்லை என்று யாருக்காகப் பொய் சொல்ல வேண்டும்? நர்ஸின் கையில் என் நகம் பதிந்துவிட்டது.

மார்ச் 22, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“பக்கத்து வீட்டுல கேட்டா வயித்து வலின்னு சொல்லிடலாம்.”

“ஏன்? நான் என்ன திருடிட்டா வந்திருக்கேன்?”

கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் அவருடைய பயத்தையும் நானே சுமக்க முடியாது.

ஏப்ரல் 2, புதன்

புற்று.

ஆரம்ப நிலை மாதிரி தெரிகிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், எடுத்துப் பார்த்த பிறகு மற்றதைச் சொல்கிறோம் என்றார்கள். டாக்டர் முன்னால் தலையாட்டினேன். லிஃப்டில் அழுதேன். ஹார்மோனாம். சூடாம். தண்ணி குடிக்கணுமாம். குடிச்சிட்டு வீட்டுல உக்காந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? எவன் வந்து நின்றிருப்பான்?

ஏப்ரல் 5, சனி

“எடுத்தே ஆகணுமா?” என்று கேட்டார் அவர்.

“ரெண்டு பிள்ளையைப் பெத்துக் கொடுத்துட்டு அது ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷமாச்சு. இப்போ வேலைநீக்கம், அவ்வளவுதான்.”

சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது. அவர் அழுது நான் பார்த்ததில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஓட்டுநர் பள்ளியில் முதலாளி, கரும்பலகையில் என் பெயருக்கு நேராக ‘வெளியூர்’ என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர், எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். துடைத்துவிட்டு எழுதினேன்: ‘கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. ஜூனில் திரும்ப வருவேன்.’

“மேடம், ஆம்பளைங்களும் படிக்க வர்ற இடம்…”

“அவங்களும் அதுக்குள்ள இருந்துதானே சார் வந்தாங்க?”

சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அழிக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

நாளை. பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அக்கா கஞ்சியோடு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போர்வையை இழுத்து இழுத்துச் சரி செய்தாள். பிறகு, யாரோ ஒருத்தியைப் பற்றி விசாரிப்பது போல:

“முதல்ல எந்த நிறத்துல வந்துச்சு? தினமும் வருமா? நடுவுல நிக்குமா?”

எனக்குத் தையல் போட்ட இடம் சுருக்கென்றது.

“அக்கா. உனக்கு எவ்வளவு நாளா?”

ஜன்னலைப் பார்த்தாள். “போன வருஷத்துலேருந்து.”

அன்றைக்குப் போனை வைத்தது எரிச்சலில் இல்லை. திட்ட வாயெடுத்தேன். வயிறு வலித்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை.

மே 2, வெள்ளி

எடுத்ததைச் சோதித்த முடிவு வந்தது. உள்சுவரைத் தாண்டிப் போகவில்லை. வேறு சிகிச்சை தேவையில்லை, அவ்வப்போது வந்து காட்டினால் போதும். அவர் டாக்டரிடம் அதையே மறுபடி மறுபடி கேட்டார். டாக்டரும் பொறுமையாகச் சொன்னார்.

அக்கா மட்டும் பிடி கொடுக்கவில்லை. “பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனிமே போய் காலை விரிச்சுப் படுக்கணுமா?” என்கிறாள்.

“நான் படுத்தேன். கூரையில ஃபேன் இருக்கு, அதைப் பார்த்துக்கிட்டே இரு. வர மாட்டேன்னா நான் உன் வீட்டு வாசல்லயே உக்காந்துக்குவேன், தையலோட.”

ஜூன் 5, வியாழன்

வேலைக்குப் போய் நான்காவது நாள். அக்காவுக்கும் இன்று முடிவு வந்துவிட்டது. சதை வளர்ச்சிதான், புற்று இல்லை. அதை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். ஆனால் அவளை முதன்முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போன நாளை நான் எழுதவே இல்லை.

கூடம் நிறைய ஆட்கள். ஆண்களும் இருந்தார்கள். மேஜையில் இருந்த நர்ஸ் நிமிராமலே கேட்டார்: “என்ன பிரச்சினை?”

அக்கா சொல்ல மாட்டாள் என்று நான் வாயைத் திறந்தேன். என் கையை அழுத்தினாள்.

“எனக்கு விலக்கு நின்னு எட்டு வருஷமாச்சு. ஒரு வருஷமா ரத்தம் வருது. வெள்ளையும் வாடையோட படுது.”

பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நர்ஸ் எழுதிக்கொண்டு, உட்காருங்கம்மா என்றார். உட்கார்ந்தோம். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“ரொம்ப சத்தமா சொல்லிட்டேனாடி?”

“இல்லக்கா,” என்றேன். “இன்னும் கொஞ்சம் சத்தமாவே சொல்லியிருக்கலாம்.”