சிட்டு வாசித்த அதிகாரம்

ஆண்டவரின் கிருபையில் நலமாக இருக்கும் என் பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமாக இருக்கிறாய் என்று நானே எழுதிவிட்டேன். இல்லையென்றாலும் நீ வாய் திறந்து சொல்லப் போவதில்லை.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நம் வீடு உனக்குத் தெரியாததா? ஆராதனைக் கூடத்துக்குப் பின்னால் இரண்டு அறை, நடுவில் ஒரு பலகை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் அப்பா சுகத்துக்காக ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார். போதாததற்கு, உன் தங்கை சிட்டுவுக்குக் கண் மங்க மங்க, பாம்புக் காது வந்துவிட்டது. போனை வைத்ததும் "அண்ணன்கிட்ட என்னைப் பத்தி என்ன வத்தி வச்ச?" என்று கேட்கிறாள். அதனால் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே யாரும் யாரையும் கவனிப்பதில்லை.

புதன்கிழமை பெண்கள் வார்டுக்குப் போவதை நான் இன்னும் விடவில்லை. ஆளில்லாமல் கிடப்பவர்களுக்குத் தலை வாரி, நகம் வெட்டி, பக்கத்தில் நின்று ஜெபித்துவிட்டு வருவேனே, அதுதான். ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. சிட்டுவை ஸ்கேன் அறைக்குள் அனுப்பிவிட்டு இதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஏதோ சபைப் பெண், சின்ன வயசு, என் கையில் ஒரு வசனத் துண்டுப்பிரசுரத்தைத் திணித்து, "நம்பிக்கையா இருங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றாள். அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அப்புறம்தான் உறைத்தது, அதே வார்த்தையை, அதே குரலில், இதே வராந்தாவில் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று. இப்போதெல்லாம் வார்டில் தலை மட்டும் வாரிவிடுகிறேன். அவர்களாகக் கேட்டால் ஜெபிக்கிறேன்.

சிட்டுவைப் பற்றிச் சொல்கிறேன். தலைக்குள் கட்டியைச் சுற்றிய வீக்கத்தை வடிக்கிற மாத்திரை கொடுத்த பிறகு தலைவலி குறைந்தது. வாந்தி நின்றது. ஒரு நாள் காலையில் தானாக எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே கூடத்துக்குப் போய், கீபோர்டு மேலிருந்த துணியை எடுத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்பா குளித்துக்கொண்டிருந்தவர், தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். "பிள்ளைக்குக் கண்ணு வந்துடுச்சு" என்று அப்படியே முழங்காலில் விழுந்து அழுதார். நானும் அழுதேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே காரணத்துக்காக அழவில்லை.

டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "வீக்கம்தான் வடிஞ்சிருக்கு. கட்டி அப்படியேதான் இருக்கு. கட்டியைச் சுருக்கக் கரண்ட் வைக்கிற சிகிச்சையை நடுவுல விட்டுறாதீங்க" என்றார். அப்பாவிடம் சொன்னேன். சுகம் கிடைத்த பிறகும் கரண்ட் வைக்கப் போவது, கொடுத்தவரையே சந்தேகப்படுவது போல என்கிறார். மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் பொடித்து ஜாமில் குழைத்து ரொட்டியில் தடவிக் கொடுக்கிறேன். அவள் மெல்லும்போதே, "அம்மா, இந்த ஜாம் எந்த மெடிக்கல் ஷாப்புல வாங்கின?" என்று காதோடு கேட்டாள். அவளுக்குத் தெரியாமல் இந்த வீட்டில் எதுவும் நடக்காது.

அப்பாவை மனதில் கடிந்துகொள்ளாதே. அவர் உபவாசம் இருந்து இருந்து, பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டிருக்கிறார். இருட்டில் நடக்கிறவன் சத்தமாகப் பாடுவானே, அந்த மாதிரி ஜெபிக்கிறார். இன்னொரு பக்கம், அவர் நடத்துகிற சபையும் தேய்ந்துகொண்டே வருகிறது. தையல்காரம்மா குடும்பம், பேக்கரிக்காரர், பள்ளிக்கூட ஆயா என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த ஊழியத்தைத் தொடர்வதா, கூடத்தைப் பூட்டுவதா என்று பார்க்க, பெரிய சபையிலிருந்து தலைமை ஊழியர் வருகிறாராம். அதற்காக ஒரு சுகமளிக்கும் கூட்டம். நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. அதில் சிட்டுவின் படம். 'பார்வை பெற்ற மகளின் சாட்சி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கீழே டயர் கடை ஷட்டரில் ஒட்டியிருக்கிறார்கள். நான் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அவளுக்கு அந்த நோட்டீஸைப் பற்றித் தெரியும். "போட்டோவுல நான் நல்லா இருக்கேனா?" என்று மட்டும் கேட்டாள்.

நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அப்பாவிடம் சண்டைக்கு வராதே. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு அறுந்து போனது போதும். அவளுக்கு மட்டும் ஒரு போன் போடு. உன் வேலையிடத்துக் கதையெல்லாம் கேட்க அவளுக்கு ஆசை.

உன் ஆத்துமாவுக்காகவும் சாப்பாட்டுக்காகவும் ஒரே மூச்சில் வேண்டிக்கொள்கிற,
அம்மா

* * *

என் பெரியவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோபத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. "அவளை அங்கேயிருந்து தூக்கிட்டு வந்துடு" என்று எழுதியிருக்கிறாய். எங்கே தூக்கிக்கொண்டு போக? அவளுக்கு அப்பாவும் வேண்டும். கூட்டத்தில் நடந்ததை யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

கூடம் நிரம்பியிருந்தது. படிக்கட்டு வரைக்கும் நாற்காலி. எங்கிருந்துதான் வந்தார்களோ! முதல் வரிசையில் தையல்காரம்மாவும் அவள் வீட்டுக்காரரும். அவர் இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், உனக்கு நினைவிருக்கும். நான் அவர்களுக்கு அடுத்த நாற்காலியில்.

தலைமை ஊழியர் பேசி முடித்து, சிட்டுவை மேடைக்கு அழைத்தார். அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். மகள் வேதத்திலிருந்து ஒரு அதிகாரம் வாசிப்பாள் என்றார் தலைமை ஊழியர். கூட்டமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அப்பா தன் வேதப்புத்தகத்தைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். அவள் குனிந்து, விரலால் வரி வரியாகத் தடவிக்கொண்டு, தடங்கலே இல்லாமல் வாசித்தாள். ஓய்வுநாள் பள்ளியில் நான் சொல்லிக்கொடுத்த அதிகாரம்தான். என்ன இனிமையான குரல் அவளுக்கு! ஜனங்கள் அழுதார்கள். தலைமை ஊழியரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புத்தகம் தலைகீழாக இருந்தது, பெரியவனே.

கொடுத்தபோது அப்பா சரியாகத்தான் கொடுத்தார். மைக்குக்கு அருகே வரும்போது கை மாறியதில் திரும்பிவிட்டது போல. முன்வரிசையில் இருந்த எனக்கு அட்டையின் பொன் எழுத்து கவிழ்ந்திருப்பது தெரிந்தது. மற்றவர்கள் எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கண்ணை மூடிக் கைகளை உயர்த்தியிருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன். அந்த மனுஷருக்கும் அந்தப் பிள்ளைக்கும் அந்த ஒரு சாயங்காலத்தை விட்டுக்கொடுத்திருப்பேன். ஆனால் தையல்காரம்மா வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, மனைவி மடியில் போட்டார். "இனிமே எனக்கு இது வேணாம். அந்தப் பிள்ளைக்குச் செஞ்சவர் எனக்குச் செய்ய மாட்டாரா?" என்றார். அவளும் ஸ்தோத்திரம் சொல்லி அதைக் கைப்பைக்குள் கசக்கிப் போட்டாள்.

என் கால் தானாக எழுந்தது. மேடையேறி சிட்டுவின் கையிலிருந்த புத்தகத்தை நேராகத் திருப்பி வைத்தேன். மைக்கில், "என் மகளுக்குக் கண்ணு தெரியல. அவ மனப்பாடமாச் சொன்னா. யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க. அவளே மாத்திரைலதான் நிக்கிறா" என்றேன்.

கீழே யாரோ டயருக்குக் காற்று அடிப்பது தெளிவாகக் கேட்டது. அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "பாப்பா, இது எத்தனை?" என்று விரலைக் காட்டினார். அவள் அப்பா குரல் வந்த பக்கம் திரும்பிச் சிரித்தாள். அப்பா கையை இறக்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் வந்த பிறகு சிட்டு என்னைக் கேட்டாள்: "ஏம்மா அப்பாவ அத்தனை பேர் முன்னாடி விட்டுக்கொடுத்த? நான் நல்லாத்தானே சொன்னேன்?" சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பல நாள் என்னிடம் பேசவில்லை. ரொட்டியை நான் கொடுத்தால் வாங்க மாட்டாள். அப்பா கொடுத்தால் வாங்கிக்கொள்வாள். அதனால் மாத்திரை கலந்த ரொட்டியை நான் அப்பாவிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாங்கிப் போய் ஊட்டினார். மறுநாள் ஜாம் வேண்டாம், மாத்திரையைச் சும்மாவே கொடு என்றார். எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

சபை கலைந்துவிட்டது. தையல்காரம்மா தெருவில் பார்த்தபோது, என் அவிசுவாசம்தான் பிள்ளையின் கண்ணை மறைக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னாள். வாங்கிக்கொண்டேன். மெடிக்கல் ஷாப்காரரிடம் ஜாடைமாடையாக விசாரித்ததில், அவள் வீட்டுக்காரர் மாத்திரை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாராம். எனக்கு அது போதும். தலைமை ஊழியர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. கூடத்தை ஒப்படைக்கச் சொல்லி ஆள் மட்டும் அனுப்பினார். நாற்காலிகளைக் கொண்டுபோய்விட்டார்கள். கீபோர்டையும். அது சபைச் சொத்தாம். எடுத்துக்கொண்டு போனபோது அவள் தூங்கினாள், அல்லது தூங்குவது போல இருந்தாள்.

இந்த இரண்டு அறையில் இருந்துகொள்ள, கட்டடத்துக்குச் சொந்தக்காரரான டயர் கடைக்காரர் அனுமதித்திருக்கிறார். அவருக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. "பிள்ளைக்கு ஒரு வழி ஆகுற வரைக்கும் இருங்க" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நீ கேட்டிருந்தாயே, இன்னும் ஜெபிக்கிறாயா என்று. ஜெபிக்கிறேன். காலையில் முழங்கால் போடுகிறேன், வார்த்தை வருவதில்லை. முன்பெல்லாம் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கும். இப்போது ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுவது போல இருக்கிறது. பழக்கத்தில் தட்டுகிறேன். சாப்பாட்டுக்கு முன் அப்பா ஜெபிக்க வாய் திறக்கிறார், மூடிக்கொள்கிறார். நான்தான் இரண்டு வரி சொல்லி முடிக்கிறேன். சொல்லாவிட்டால் யாரும் சாப்பிட மாட்டேன் என்கிறார்கள், அதற்காக.

மறுபடி கரண்ட் வைக்க அழைத்துப் போனோம். அப்பாதான் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். டாக்டரம்மா புது ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். தாமதித்ததற்காகத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனிமே இதுக்காக அலைய வேணாம். வீட்டுலயே வச்சுக்குங்க. என்ன கேட்டாலும் குடுங்க" என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். அப்பா அவருக்கு நன்றி சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள். இந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்காதே.

அம்மா

* * *

பெரியவனே,

அடுத்த மாதம் விடுப்பு கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். இப்போதே தரும்படி மேலதிகாரியிடம் திரும்பக் கேட்டுப் பார். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாதே. எல்லாருக்கும்தான் உடம்பு சரியில்லாமல் போகிறது. அம்மா கூப்பிடுகிறாள், இதுவரை கூப்பிட்டதே இல்லை என்று சொல்.

சிட்டு இப்போது என்னிடம் பேசுகிறாள். ராசியாகிவிட்டோம். நேற்று தலை வாரிவிடும்போது, "வார்டுல இருக்கிறவங்களுக்கும் இப்படித்தான் வலிக்க வலிக்க வாருவியா?" என்றாள். மெதுவாக வாருகிறேன். முடி சீப்போடு வருகிறது, அவளுக்குத் தெரியாமல் பையில் போட்டுக்கொள்கிறேன். நான் ஜெபிக்க உட்கார்ந்தால், "நீ மெனக்கெட்டுக் கண்ணை மூடணும். எனக்கு அந்த வேலையே இல்ல" என்கிறாள். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன். பகலில் நிறையத் தூங்குகிறாள். எழுப்பினால் சில நேரம் நான் யார் என்று யோசிக்கிறாள். குரலைக் கேட்டுக் கண்டுபிடிக்கிறாள். குரலும் சில நாள் பிடிபடுவதில்லை.

அப்பா கட்டில் காலடியில் உட்கார்ந்தே இருக்கிறார். ஜெபமும் இல்லை, பாட்டும் இல்லை. அவள் துணிகளைத் துவைத்துக் காயவைத்து மடிக்கிறார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிக்கிறார். உன்னைக் கூப்பிடு என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற மனுஷரா அவர்? ஆனால் இன்று காலையில், துணியைப் பார்த்துக்கொண்டே, "அவன் வேலை செய்யற இடத்துலேர்ந்து இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். நான் சொன்னேன். "ராத்திரி வண்டியும் இருக்குமா?" என்றார்.

நீ வந்தால், வாசலில் நின்று யோசிக்காதே, நேரே உள்ளே வந்துவிடு. வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசு. உன் வழக்கப்படி உம்மென்று இருந்துவிடாதே. எதைப் பற்றியாவது பேசு, சும்மா திட்டு, சின்ன வயசில் சண்டை போடுவது போலச் சண்டை போடு. அவள் பதில் சொல்லாவிட்டாலும் நிறுத்தாதே. அவளுக்குக் கேட்கும். அம்மா அதை நம்புகிறேன். இப்போது நான் நம்புவது அது ஒன்றுதான்.

வழியில் உனக்கு ஒரு தீங்கும் வராமல் கர்த்தர் பார்த்துக்கொள்ளட்டும். வேறு எதையும் நான் இப்போது அவரிடம் கேட்பதில்லை. இதையாவது செய்யட்டும்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் கிளம்பிவிடு, கண்ணா.

அம்மா