தோட்டத்தில் நீங்கள் இருக்கும் வீடு விற்பனைக்கு

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

நம் வீட்டு கேட்டில் பலகை மாட்டியாகிவிட்டது. 'வீடும் தோட்டமும் விற்பனைக்கு' என்று நானே எழுதிக் கொடுத்தேன். பலகை எழுதியவர் கடைசியில் வரிசையாக ஆச்சரியக்குறி போட்டிருந்தார். அழித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்றேன். ஒரு கிழவி வீட்டை விற்பதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

தினமும் காலையில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறேன். செடிகளைப் பற்றிச் சொல்கிறேன், மோட்டார் ரிப்பேரானதைச் சொல்கிறேன், யானை வந்து பக்கத்துக் கேழ்வரகுக் காட்டை மிதித்ததைக்கூடச் சொன்னேன். இதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. எழுத்தில் என்றால் எனக்கு எப்போதும் தைரியம் அதிகம். கன்னியாஸ்திரிகளிடம் படித்ததில் கிடைத்த பலன் அது.

ஏன் விற்கிறாய் என்று கேட்பீர்கள். மூட்டுவலி என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் அந்தக் கதை செல்லாது. நான் கண்ணை மூடினால் ரேவதி விற்பாள். நம் மகள் கெட்டவள் இல்லை, அவசரக்காரி. ஓசூரில் நாலாவது மாடி வீடு, வேலை, பிள்ளைகள் என்று ஓடுகிறவளுக்கு நின்று ஆள் பார்க்க நேரம் ஏது? முதலில் வருகிறவருக்குக் கொடுத்துவிடுவாள். முதலில் வருகிறவர் லேஅவுட் போடுகிறவராகத்தான் இருப்பார். கெலமங்கலம் ரோட்டில் நீங்கள் பார்த்த மாந்தோப்புகள் எல்லாம் இப்போது கல் நட்டு நம்பர் எழுதிய மனைகள். நான் உயிரோடு இருக்கும்போதே விற்றால், ஆளைப் பார்த்து விற்கலாம். இந்த வீடு நிற்கும். அவ்வளவுதான் என் கணக்கு.

கூரை சரிந்து, சுவரில் அரசங்கன்று முளைத்து, ஆடு கட்டக்கூட ஆகாமல் கிடந்த உங்கள் கொள்ளுத்தாத்தா வீடு இது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே நீங்கள் இதைப் பிடித்துக்கொண்டீர்கள். சுண்ணாம்பைப் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினீர்கள். கொத்தனார், "ஐயா, ஒரே ஒரு மூட்டை சிமெண்ட். பாத்ரூமுக்கு மட்டும்" என்று கெஞ்சியும் நீங்கள் அசையவில்லை. ஜன்னலுக்குப் பச்சை அடிக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னபோது மட்டும் நான் அசையவில்லை. தோட்டத்தில் ரோஜாப் பாத்தி என்னுடையது, மற்றதெல்லாம் உங்களுடையது. இன்றைக்கு உள்ளே வருகிறவர்கள் சுவரைத் தடவிப் பார்த்து, "ஏசி போட்டிருக்கீங்களா?" என்று கேட்கிறார்கள். நான் சிரிக்கிறேன்.

ஆனால் என் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. தோட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்கள்.

உங்கள் வம்சத்தில் எரிப்பதில்லை, சொந்த மண்ணில் அடக்கம் செய்வதுதான் வழக்கம். உங்கள் அப்பாவும் அம்மாவும் அடக்கமான மேட்டு நிலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் ஒரு கம்பெனியின் மதில் சுவருக்கு வெளியே நின்று தேங்காய் உடைத்தீர்கள். ஒரு தடவை வாட்ச்மேன் வந்து, "யார் சார் வேணும்?" என்று கேட்டார். "அப்பா அம்மா" என்றீர்கள். அவர் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என்னிடம், "என்னை வீட்டை ஒட்டியே வை. வீட்டை யாரும் எடுக்க மாட்டார்கள்" என்றீர்கள். வைத்தேன். இப்போது நானே பலகை மாட்டியிருக்கிறேன்.

தரகர் முனிராஜைத் தெரியுமே, நமக்கு ஜன்னல் கம்பி விற்ற முனிராஜ். இப்போது நிலம் விற்கிறார். முதல் நாளே, "அம்மா, சமாதின்னு தெரிஞ்சா பார்ட்டி கார்லேர்ந்தே எறங்க மாட்டாங்க. எல்லாம் வாஸ்து பாக்கறவங்க. பெங்களூருலேர்ந்து ஆளக் கூட்டிக்கினு வராங்க. ஐயா பேரு தெரியாத மாதிரி எதுனா பண்ணுங்க" என்றார். "உன் வேலை வீட்டைக் காட்டுவது. என் வீட்டுக்காரரை மறைப்பது அல்ல" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் கேட்கவில்லை. போன வாரம் நான் கண் டாக்டரிடம் போயிருந்த நேரத்தில், சமாதிக் கல்லில் உங்கள் பெயர் பொறித்த பக்கமாக குரோட்டன்ஸ் தொட்டிகளை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் இரண்டு பிரம்பு நாற்காலி போட்டு, உங்களைத் தோட்டத்து மேடை ஆக்கிவிட்டிருந்தார். நான் ஆட்டோவிலிருந்து இறங்குகிறேன், பின்னாலேயே பார்ட்டியின் கார் வந்து நிற்கிறது. வீட்டு வேலைக்கு வரும் மாதம்மா டீ போட உள்ளே ஓடினாள்.

வந்தவர்கள் கணவன் மனைவி, நாற்பது வயதுக்குள். அந்தப் பெண் பெயர் சஹனா. தாய்மொழி கன்னடம், தமிழும் பேசுகிறாள், நடுவில் ஆங்கிலம். வீட்டை ரசித்துப் பார்த்தாள். தூணைத் தொட்டாள், ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள், உள்ளறையில் கேழ்வரகு சேமிக்கும் குழியைப் பற்றிக் கேட்டாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. தோட்டத்துக்குப் போனோம். நான் தொட்டிகளை நகர்த்தச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் உங்கள் மேல் உட்கார்ந்துவிட்டாள். டீ கப்பையும் வைத்தாள்.

"கல்லு எவ்ளோ ஜில்லுன்னு இருக்கு, ஆன்ட்டி! காலைல இங்க யோகா பண்லாம்."

அவள் கணவர் சுற்றிலும் பார்த்து, "அங்கிளுக்கு நல்ல டேஸ்ட். அங்கிள் எங்க?" என்றார்.

முனிராஜ் எனக்குப் பின்னால் நின்று இருமினார். இருமிக்கொண்டே இருந்தார்.

"அங்கேதான் இருக்கிறார்" என்றேன். "உங்கள் மனைவி உட்கார்ந்திருக்கும் இடத்தில்."

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சஹனா சட்டென்று எழுந்துவிட்டாள். அவர் போனில் யாரோ கூப்பிட்ட மாதிரி பேசிக்கொண்டே காருக்கு நடந்தார். போன் அடிக்கவே இல்லை, நான் கவனித்தேன். கார் போனதும் மாதம்மா கப்பை எடுத்தபடி, "டீ ஆறறதுக்குள்ள ஆள் ஓடிப்போச்சு. ஐயா இருந்தப்ப ஒருத்தரையும் இப்படி வெரட்டுனதில்ல" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு முனிராஜின் மேல் கோபம் வந்தது. இந்த மூன்றையும் ஒரே சமயத்தில் தாங்கும் வயதா எனக்கு?

அதற்கு மறுநாள்தான் லேஅவுட்காரர் வந்தார். கையில் பழத்தட்டு. உங்கள் பெயரை மரியாதையாகப் படித்தார், செருப்பைக்கூடக் கழற்றினார். "ஐயாவத் தொடவே மாட்டோம்மா. லேஅவுட்னா பார்க்குக்கு எடம் உடணும், சட்டம். அந்த எடத்த ஐயா இருக்கற பக்கமாவே உட்டுடறோம். பார்க்குக்கு ஐயா பேரே வெச்சுடலாம். பசங்க வெளையாடும், ஐயாவுக்கும் பொழுது போவும்."

"வீடு?"

"வீடு பழசும்மா. ரோடு அது வழியாத்தான் வரும்."

புரிகிறதா உங்களுக்கு? வீட்டைக் காப்பாற்ற நினைக்கிறவர்களுக்கு நீங்கள் வேண்டாம். உங்களை வைத்துக்கொள்கிறவருக்கு வீடு வேண்டாம். யாரை விடுவது? உங்களையா, நீங்கள் கட்டி எழுப்பியதையா? உங்களைக் கேட்டால் வீட்டைத்தான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களைக் கேட்கவில்லை.

ரேவதியைக் கேட்டேன். "அம்மா, அப்பா மண்ணோட மண்ணா ஆயாச்சு. ஒரு பிடி மண் எடுத்துட்டு வந்துடும்மா. குலசாமிக்கே ஊர் விட்டு ஊர் போறப்ப பிடிமண்தானே எடுத்துட்டுப் போறாங்க?" என்றாள். தப்பில்லை. ஆனால் அந்த மண்ணை நாலாவது மாடியில் எங்கே வைப்பது? பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்திலா? துளசித் தொட்டியில் போட்டால் மாப்பிள்ளை ஒரு நாள் உரம் என்று நினைத்துக் கிளறிவிடுவார்.

அதன்பிறகு நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. துடைத்த ஜன்னலைத் திரும்பத் துடைக்கிறேன். கதவைப் பூட்டுகிறேன், பூட்டினேனா என்று போய்ப் பார்க்கிறேன். ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும்போது கேட்டுக்கு வந்து நிற்கிறேன், யாரோ எனக்காக இறங்கப்போகிற மாதிரி. ரோஜாவை இந்த மாதத்தில் வெட்டக்கூடாது என்று தெரிந்தும் வெட்டினேன். மாதம்மா கத்தரியைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிட்டாள்.

நேற்று காலை சஹனா தனியாக வந்தாள். முனிராஜிடம் சொல்லாமல், காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, ஒரு பை நிறையச் செவ்வந்திப் பூவோடு. உள்ளே வராமல் நேராக உங்களிடம் போனாள். தொட்டிகளை நான் அன்றைக்கே அப்புறப்படுத்திவிட்டிருந்தேன். பூவை வைத்துவிட்டு நின்றாள்.

"நான் பயந்து எழுந்துக்கல, ஆன்ட்டி. எங்க மண்டியா பக்கத்துலயும் தோட்டத்துலதான் அடக்கம் பண்ணுவாங்க. எங்க அஜ்ஜி, பாட்டி, தென்னை மரத்துக்குக் கீழ இருக்காங்க. தெரியாம மேல உக்காந்துட்டனே, கப் வேற வெச்சனே… ராத்திரி சாப்பாடே எறங்கல."

"உன் கணவர்?"

"அவரு சிட்டில பொறந்தவரு. சமாதின்னா சினிமால பாத்ததுதான். வாஸ்துக்காரர் வேற ஏதோ சொல்லிட்டாரு. ஆனா எனக்கு இந்த வீடு வேணும். பேசிப் பாக்கறேன்." சொல்லிக்கொண்டே சுற்றி வந்தவள் உங்கள் இடது பக்கத்தில் நின்றாள். "எல்லா எடத்துலயும் செடி வெச்சிருக்கீங்க. இங்க மட்டும் ஏன் ஒண்ணுமே வெக்கல?"

எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போன தோட்டம். ஒருவரும் கேட்கவில்லை. ரேவதி கேட்டதில்லை. இத்தனை நாள் உங்களை எங்கே வைப்பது என்று வீடு முழுக்க நடந்தேனே, நானும்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

"அது எனக்கு" என்றேன். இருமிக்கொண்டேன், முனிராஜ் மாதிரி.

அவள் அந்த வெறும் மண்ணிலிருந்து மெல்லக் காலை எடுத்துத் தள்ளி நின்றாள். "அய்யோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு, "ஒருத்தருக்கே அந்த மனுஷன் கார் வரைக்கும் ஓடினாரு. ரெண்டு பேர்னு எப்படிச் சொல்றது, ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இரண்டு பெண்கள் ஒரு சமாதிக்கு முன்னால் நின்று அப்படிச் சிரிக்கக்கூடாது. பள்ளியில் சிஸ்டர்கள் பார்த்திருந்தால் முட்டி போட வைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கணவரை அழைத்து வருகிறாளாம். வருவாரா, வந்து ஒப்புக்கொள்வாரா, தெரியாது. வேண்டாம் என்று போனால் போகட்டும். லேஅவுட்காரருக்கு இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டேன். ரேவதியிடமும் சொல்லிவிட்டேன். நான் வாழ ஓசூருக்கு வருவேன், அதற்கு மேல் அங்கே தங்க மாட்டேன். அவள் போனில், "சரிம்மா. நானே கொண்டுவந்து விடறேன்" என்றாள். நம் பெண்தான்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி இந்த கேட்டுக்குள் யார் வந்தாலும் முதலில் வீட்டைக் காட்ட மாட்டேன். நேராக உங்களிடம் அழைத்து வருவேன். இதோ இவர், இதோ நான் என்று இரண்டு இடத்தையும் கை நீட்டிக் காட்டுவேன். அதற்குப் பிறகும் நின்று, "வீட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்கிறவர் கையில்தான் சாவி.

அதுவரைக்கும் பலகை தொங்கட்டும். நீங்கள் நகர வேண்டாம்.

உங்கள் இடது பக்கத்து மண்ணுக்குச் சொந்தக்காரி,
உங்கள் மனைவி சரோஜினி