ஆங் என்று நான் சொன்னது

திருத்தணி,
மாசி 3, ஞாயிற்றுக்கிழமை.

நவீனுக்கு உன் நைனா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் எல்லோரும் சுகம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், எனக்குக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான். நீயும் இருக்கிறாய் என்பது ஆஸ்பத்திரி நர்ஸ் போனிலிருந்து வந்த போட்டோவிலும் உன் கடுதாசியிலும் தெரிந்தது. இதை உன் தங்கை ஹேமாவதி போட்டோ எடுத்து அதே நம்பருக்கு அனுப்புவாள், முழுசாகப் படி.

உன் அம்மா அந்தப் போட்டோவைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணி உன் இடது காலைத் தேடுகிறாள், போர்வைக்குள் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் சமையல் வேலை என்று போனவன் துப்பாக்கியோடு பள்ளத்தில் கிடந்திருக்கிறாய். பக்கத்துக் கட்டிலில் நேபாளத்தான், எதிர்க் கட்டிலில் ஆப்பிரிக்காக்காரன் என்று எழுதியிருந்தாயே, எவனோ இரண்டு பேர் எல்லைத் தகராறுக்கு உலகத்தில் உள்ள ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் போய்ச் சாக வேண்டுமா? நம் ஊரையும்தான் ஒரு காலத்தில் ஆந்திராவா தமிழ்நாடா என்று இழுத்தார்கள். இன்றைக்கு உன் மாமன் ஆந்திரா பக்கம் நகரியிலிருந்து பஸ் ஏறி வந்து, பாவா பாவா என்று என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். கோடு எங்கே இருக்கிறது என்று கண்டக்டருக்குத்தான் தெரியும். முன்பின் பார்த்திராத ஊரின் கோட்டுக்கு நீ ஏன்டா போய் நின்றாய்?

உன்னை அனுப்பிய ஏஜெண்ட் ஹேமநாதனைப் போன வாரம் மணவூர் ஸ்டேஷனில் பார்த்துச் சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் கொஞ்சமும் அசையாமல், உங்க பையன் உங்களக் கேட்டுகினுதான கையெழுத்து போட்டான், நீங்கதான ஆங்னு சொன்னீங்க என்றான். ஊரில் நான் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பட்டாளத்துக் காகிதம் நைனா, போடட்டுமா என்று நீ போனில் கேட்டது சரியாக விழவில்லை, என்ன என்று கேட்கத்தான் ஆங் என்றேன், பையன் சரி என்று எடுத்துக்கொண்டான் என்று. உன் அம்மாவிடமும் அதேதான். நீயும் அதை நம்பி, நான்தான் தப்பாப் புரிஞ்சிகினேன் நைனா என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, உன் மேல்தான் எரிச்சலாக வருகிறது. ஏன்டா இப்படி நம்புகிறாய்? எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. நீ போன் பண்ணின நேரம் பூபாலன் நம் பஞ்சர் கடையில் உட்கார்ந்து தன் மகனின் சிங்கப்பூர்ப் பெருமை பேசிக்கொண்டிருந்தான். அவன் எதிரில், வேண்டாம் வந்துவிடு என்று சொல்ல என் வறட்டுக் கௌரவம் விடவில்லை. நான் சொன்னது ஆமாம் என்கிற ஆங்தான்.

கால் ஆறியதும் இன்னொரு வருஷம் சண்டைக்குப் போக வெள்ளிக்கிழமை காகிதம் கொண்டுவருவார்கள், போட்டால் அந்த நாட்டுக் குடியுரிமை, என்ன பண்ணட்டும் என்று மறுபடி என்னையே கேட்கிறாய், உனக்கு வெட்கமில்லையா? போடாதே. பேனாவைத் தொடாதே, கட்டை விரலையும் நீட்டாதே. ஊருக்கு அனுப்பு என்று மட்டும் எழுதிக் கொடு.

தணிகை முருகன் உன் கூடவே இருக்கட்டும். வேளைக்கு மருந்து சாப்பிடு, காலில் ஈரம் படவிடாதே. போட்டோ எடுக்கும்போது ஹேமாவதி இதைப் படித்துவிடுவாள், உன் அம்மாவிடமும் சொல்லிவிடுவாள். சொல்லட்டும். இனி இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசப்போவதில்லை, நீயாவது வந்து திட்டு.

உன் நைனா,
கஜபதி