கோட்டை வாசலில் ஒரு காவலன்

1995 ஆகஸ்ட் 12, சனி. பீனிக்ஸ், மொரீஷியஸ்.

இரண்டு வருடமாகச் சனிக்கிழமை மில் விட்டதும் கூட வேலை செய்யும் சிவேன் வீட்டில் நாங்கள் நாலு பேர் கூடுகிறோம். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் எடுத்துக் கதைக்குள் புகுந்து ஆடும் ஆட்டம். கதையை நடத்துபவன் நான். இன்று மேஜையில் பகடை இல்லை, கம்ப்யூட்டர் இருந்தது. அதே ஆட்டத்தை வீடியோ கேமாக்கி விற்கிறார்களாம்.

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. கோட்டை வாசலில் காவலன் நின்றான். அவனிடம் பேச்சுக் கொடுத்து, போர்ட் லூயிஸ் சந்தையில் போலப் பேரம் பேசி உள்ளே போகலாம் என்று பார்த்தேன். திரையில் இரண்டே வழிதான்: சண்டை போடு, இல்லை திரும்பிப் போ.

“பா கபாவ், பா கபாவ்! எதைக் கேட்டாலும் முடியாதுங்குது. இதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்று கிரியோல் கலந்து சொன்னேன்.

சிவேன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்களும் அதைத்தானே சொல்வீங்க அண்ணே? உங்க கதைப்படிதான் எல்லாம் நடக்கணும். இதுவாவது முடியாதுன்னு சொல்லிட்டுச் சும்மா இருக்கு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறதில்ல.”

மற்ற இருவரும் சிரித்தார்கள். டீ குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த ஆட்டத்துக்காக ஒரு மாதமாக நான் வரைந்த கோட்டைப் படம் பையிலேயே இருந்தது. இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். அதிலும் வாசலில் ஒரு காவலன். பக்கத்தில் என் கையெழுத்து: என்ன பேசினாலும் விடமாட்டான்.