இட்லிக் கொப்பரையில் வெந்த தொப்பி

கூடப்பிறந்த என் ஆசை அண்ணன் தங்கராசுவுக்கு,

நீ இருக்கும் இடத்தில் வெயில் உண்டா? இருந்தால் இனிக் கவலைப்படாதே. உனக்குத் தொப்பி செய்துவிட்டேன். நேற்று உன் முதல் வருசப் படையலில், இலைக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டோம். அந்தத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணிக்கொண்டு போகிறது. இந்தக் கடிதத்தை நம் தமிழ்ச் சங்கத்து மலரில் போடப்போகிறார்களாம். போடட்டும். நாலு பேருக்கு நியாயம் தெரியட்டும்.

எந்தத் தொப்பி என்று நீ கேட்க மாட்டாய். படிக்கிறவர்கள் கேட்பார்கள், அவர்களுக்குச் சொல்கிறேன். என் அண்ணன் தாராவியில் தோல்பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தான். வேலை இல்லாத நாளில் இந்திப் படங்களுக்குக் கூட்டத்தில் நிற்கப் போவான். ஒருமுறை கல்யாண் பக்கம் ஒரு கல்குவாரியில் படம் எடுத்தார்கள். புதையல் தேடிப் போகிற கும்பலில் ஒருவனாக இவனைக் குதிரை மேல் ஏற்றி, அகல விளிம்பு வைத்த தொப்பி ஒன்றைத் தலையில் வைத்தார்கள். தூசி படிந்து, காடு மலையெல்லாம் சுற்றி வந்தது போன்ற தொப்பி.

அன்றைக்கு உனக்குச் சோறு கொண்டு வந்தவள் நான். தூக்குச்சட்டியோடு ஒரு பாறை ஓரத்தில் நின்று பார்த்தேன். நம் வீட்டு ஆளா இவன் என்று இருந்தது எனக்கு.

அப்போது நடிக்கிறவர்களுக்கு உடுப்பு மாட்டிவிடுகிற அந்த டிரெஸ்காரன் வந்தான். நீலச் சட்டை, இடது கன்னத்தில் பான், சுண்டுவிரலில் நீள நகம். எதையும் நான் மறக்கவில்லை. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொப்பியைத் தலையிலிருந்து பிடுங்கினான். "தேரே கோ கோன் தேக்கேகா" என்றான். உன்னை எவன் பார்க்கப்போகிறான் என்று அர்த்தம். தொப்பி வேறொரு சிவத்த ஆளின் தலைக்குப் போனது. உன்னை இறக்கி, தலையில் ஒரு துண்டைச் சுற்றி, அந்த ஆளின் குதிரைக் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். நீ சிரித்தாய். ஏன் அண்ணே சிரித்தாய்? அந்த டிரெஸ்காரன் இந்நேரம் அங்கேதான் வந்திருப்பான். பார்த்தால், பொன்னுத்தாய் இன்னும் மன்னிக்கவில்லை என்று சொல்.

இனிச் சேதிக்கு வருகிறேன்.

பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிற ஜம்னாபென்னை உனக்குத் தெரியுமே, போன மாதம் அவள் நம் சந்துக்குள் வந்தாள். அவள் மூட்டையின் உச்சியில் ஒரு தொப்பி. கம்பளியை அமுக்கிச் செய்த கெட்டித் துணியில், பழுப்பு நிறத்தில், எந்தப் பங்களாக் கிழவர் போட்டுக் கழித்ததோ தெரியாது. விளிம்பு மட்டும் நல்ல அகலம். உடனே அதைக் கையில் எடுத்தேன்.

"யே கிஸ்கே லியே, அம்மா?" என்றாள்.

"என் அண்ணனுக்கு."

"புலாவ் நா உஸ்கோ. போட்டுப் பாக்கட்டும்."

"அவன் வர மாட்டான். என் தலையில வையி. எங்க ரெண்டு பேர் தலையும் ஒண்ணு."

உண்மைதானே? கோயிலில் நமக்குச் சேர்ந்து மொட்டை போட்ட அன்று, ஒரே குலையில் காய்த்த ரெண்டு பனங்காய் என்று அம்மா சொல்லவில்லையா? தொப்பி என் தலையில் கச்சிதமாக உட்கார்ந்தது. பாத்திரம் கொடுத்துத் துணி வாங்குகிறவளை ஜம்னாபென் அன்றுதான் முதன்முதலில் பார்த்தாள். உன் பெண்டாட்டி பொங்கலுக்கு எனக்குக் கொடுத்த தூக்குச்சட்டியைக் கொடுத்துவிட்டேன். அதன் மூடி ஒருநாளும் சரியாக மூடியதில்லை.

ஆனால் அண்ணே, அது உன் தொப்பியாக இல்லை. விளிம்பு சுற்றிலும் மேலே சுருண்டிருந்தது. ஓரத்தில் பட்டு நாடா, பக்கத்தில் ஒரு கோழி இறகு. கல்யாண வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைத் தோழன் மாதிரி இருந்தது. இதைப் புதையல் தேடப் போகிறவன் தொப்பியாக மாற்ற முடியுமா? செம்பூர் ஆபீசில் வேலை பார்க்கிறாளே என் பேத்தி ரேஷ்மா, அவள்தான் போனில் தேடினாள். எங்கேயோ ஒரு வெள்ளைக்காரன் பழைய தொப்பியை வாங்கி இதே வேலையைச் செய்து காட்டுகிறான். அவன் பேசப்பேச இவள் எனக்குப் பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் சொன்னாள்.

முதலில் நாடா, இறகு, ஓரத் தையல் எல்லாவற்றையும் பிளேடால் பிரித்தேன். அடுத்து ஆவி காட்ட வேண்டுமாம். அவன் கெட்டிலின் மூக்கில் காட்டினான். நான் இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றி, தட்டை எடுத்துவிட்டுத் தொப்பியை மேலே பிடித்தேன். பழைய மடிப்புகள் ஒவ்வொன்றாக இளகி, உச்சி உப்பி எழும்பி வந்தது பார், ரேஷ்மா கை தட்டினாள். சூட்டோடு சூடாக உள்ளங்கை ஓரத்தால் உச்சியில் ஒரு பள்ளம் வெட்டினேன். முன்பக்கத்தை இரண்டு பக்கமும் கிள்ளினேன்.

"ஆச்சி, ரெண்டு சைடும் சேம் வரணும். வீடியோ பாரேன்."

"போன்ல இருக்கவன் தொப்பி எனக்கு எதுக்குட்டி? எங்க அண்ணன் தொப்பியில வலது பக்கம்தான் ஆழம். நான் பாத்தேன்."

"அரே, அது எப்பவோ பாத்தது."

"பாத்தது பாத்ததுதான்."

விளிம்பைப் பலகையில் பரப்பி, ஈரத்துணி போட்டுத் தேய்த்துச் சுருளை எடுத்தேன். பிறகு முன்னும் பின்னும் கீழே தணித்து, கவிழ்த்த குடத்தின் மேல் காய வைத்தேன். பழைய நாடாவுக்குப் பதில் அகலமான காப்பிக்கொட்டை நிற ரிப்பன் வேண்டும். மாட்டுங்கா போனேன். "எந்தப் புடவைக்கு மாமி?" என்று கடைக்காரர் கேட்டார். "தொப்பிக்கு" என்றேன். அவர் ரிப்பனை இன்னொரு முறை அளந்து வெட்டினார். உள்ளே நெற்றியில் படுகிற தோல்பட்டையை உன் பட்டறைக் கூட்டாளி சூசை மாற்றித் தந்தான். மெத்தென்ற ஆட்டுத்தோல். "தையலு வெளிய தெரியக் கூடாதுக்கா. தங்கராசண்ணன் பாத்தா வையும்" என்று சொல்லிச் சொல்லித் தைத்தான். நீ இருப்பது போலவே பேசினான், அண்ணே.

கடைசி வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பாறையிலும் பாலைவனத்திலும் உருண்ட தொப்பி பளபளவென்றா இருக்கும்? உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்தேன். முகத்துக்குப் பூசுகிற முல்தானி மட்டியைத் தூவி உள்ளங்கையால் ஊறத் தேய்த்தேன். தண்ணீர் தெளித்துத் தகரக் கூரையில் வெயிலில் போட்டேன். சுருட்டினேன், உதறினேன், ஒரு சாயங்காலம் அதன் மேலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். எழுந்து பார்த்தால், குவாரியில் உன் தலையில் இருந்த அதே தொப்பி, புழுதி நிறம் ஒன்றுதான் பாக்கி. என் வயதுக்குக் குதிக்கக் கூடாது. குதித்தேன்.

அந்த நேரம் பார்த்துப் படையலுக்கு என்னென்ன சமைப்பது என்று பேச உன் பெண்டாட்டி செம்பூரிலிருந்து வந்தாள்.

"ஏ பொன்னுத்தாயி, என்னட்டி இது?"

"அண்ணனுக்கு மைனி. படையல்ல வைக்கதுக்கு."

மைனி அதைத் தொடவே இல்லை. "எவன் தலையில கெடந்ததோ. அவுக இருக்கையில ஒரு நாளு பழசு உடுத்த விட்டிருப்பனா? போனபொறவா பழச வைப்பேன்? படையலுக்குப் புதுத்துணிதான் வைக்கணும். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது. புதிதாக வாங்கினாலும் அதைத் தேய்த்து அழுக்காக்கினால்தானே உன் தொப்பி ஆகும்? குவாரிக் கதையை மைனியிடம் அன்றுதான் சொன்னேன். நீ அவளிடம் ஒருநாளும் சொன்னதே இல்லையாமே? டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டாள்.

நேற்றுக் காலை தொப்பியைப் பையில் போட்டுச் செம்பூருக்கு எடுத்துப் போனேன். இலைப் பக்கத்தில் விடாவிட்டால் வாசலிலாவது வைத்துக் கும்பிடலாம் என்று நினைப்பு. வேட்டி, சட்டை, துண்டு எல்லாவற்றையும் பரப்பி மஞ்சளைக் குழைத்து மூலைக்கு மூலை வைத்துக்கொண்டிருந்தேன். ரேஷ்மா யாருக்கோ காட்டுவதற்காகத் தொப்பியை எடுத்துத் துணிகளோடு வைத்திருக்கிறாள். வேட்டிக்கு வைத்த கை, சட்டைக்கு வைத்த கை, அதே போக்கில் போய்த் தொப்பியின் முன்விளிம்பிலும் ஈர மஞ்சளை வைத்துவிட்டது.

"ஆச்சி, யே க்யா கியா? அது போகவே போகாது."

துடைத்தேன், இன்னும் பரவியது. செய்த வேலையெல்லாம் பாழாகிவிட்டதே என்று கத்திவிட்டேன். சத்தம் கேட்டு மைனி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். தொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"மஞ்ச வச்சது யாரு?"

"கை தெரியாமப் போயிட்டு மைனி."

"மஞ்ச வச்சாச்சுன்னா அது புதுத்துணிதான். எலைப் பக்கத்துல கொண்டு வையி."

கரண்டியை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்: "அவுக கண்ணாடி முன்னால கைய நெத்திக்கு மேல விரிச்சு வச்சுக்கிட்டு நிப்பாக. கண்ணு கூசுது போலன்னு நெனச்சேன். ஒரு வார்த்த கேக்காம இருந்துட்டேனே." அப்புறம் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். "இது மேல கொஞ்சம் மண்ணத் தூவிவிடு. மஞ்ச பூசிக்கிட்டா குதிரையில போவாக?"

பையோடு கொண்டுபோயிருந்த முல்தானி மட்டியைத் தூவினேன். மஞ்சளும் முல்தானி மட்டியும் கலந்து, குவாரிப் புழுதி நிறம் அப்படியே வந்துவிட்டது, அண்ணே. நான் தேடித்தேடிக் கிடைக்காத நிறம்.

கும்பிட்டு முடித்ததும் துணிகளை வழக்கம்போல வீட்டு ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். தொப்பி உன் மகன் தலையில் உச்சியிலேயே நின்றது. அவன் தலை அவன் அம்மா தலை. மற்றவர்களுக்கும் பொருந்தவில்லை. கடைசியில் மைனி அதை வாங்கி என் தலையில் வைத்து, வலது பக்கம் கொஞ்சம் சாய்த்துவிட்டாள். "ஒனக்குத்தான் அந்தத் தலை" என்றாள். இதற்காக அவளை எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. சம்பந்தி வீட்டார் முன்னால் என் மீன்குழம்பைக் குறை சொன்னது அப்படியே இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் மைனியும் கல்யாண் போகிறோம். அந்தக் குவாரியைத் தான் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள். அவள் செம்பூரிலிருந்து பஸ்ஸில் சயானுக்கு வந்துவிடுவாள். சயான் பிளாட்பாரத்திலேயே நான் தொப்பியை வைத்துக்கொள்வேன். ரயிலில் லேடீஸ் டப்பாவில் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். அங்கே குதிரை கிடைக்காது, ஆட்டோ கிடைக்கும். அந்தப் பாறையைத் தேடிப் பிடித்து, நீ குதிரையில் இருந்த இடத்தில் நிமிர்ந்து நிற்பேன். எவன் வந்து கேட்டாலும் கழற்ற மாட்டேன், அண்ணே. இது சத்தியம்.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் தலையே தனக்கும் வாய்த்த தங்கச்சி,
பொன்னுத்தாய்