மூன்றாம் தேதி நகல்

மார்ச் 3
ஆஸ்பத்திரிப் பதிவுகளின் ஸ்னாப்ஷாட் பட்டியலைப் பார்த்தேன். அந்தந்த நேரத்தில் எல்லாம் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்து வைத்த நகல்கள். நகல்களுக்கான இடம் தொண்ணூற்றெட்டு சதவீதம் நிரம்பிவிட்டது. பழையதை நீக்க இரண்டே வரிக் கட்டளை. பாதி தட்டும்போது மாடி வார்டிலிருந்து கூப்பிட்டார்கள், அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

பதினான்காம் கட்டில். கொஞ்சம் தேறியதும் கேட்கிறார்: "இன்னிக்கும் கம்ப்யூட்டரைப் படம் புடிச்சியாம்மா? புடிச்சு வெச்சா போனதெல்லாம் வந்துடுமா?"

"வந்துடும்பா."

சிரித்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு ரிவர்ஸ் எடுப்பதில் என்றுமே நம்பிக்கை கிடையாது.

மார்ச் 5
அப்பா போய்விட்டார். காலை 9.40.

மார்ச் 6
மேலாளர் போன் செய்தார். "இந்த நேரத்துல கூப்பிடக் கூடாதுதான்மா. பதிவுகள் இருந்த டிஸ்க் போயிடுச்சு. வேற யாருக்கும் கை வரல."

போனேன். கடைசி ஸ்னாப்ஷாட் 3ஆம் தேதி காலை ஆறு மணி. அதன் பிறகு ஒன்றுகூட இல்லை. இடமில்லாமல், பிறகு எடுக்கப் பார்த்ததெல்லாம் தோற்றுப் போயிருக்கிறது. நான் நீக்காமல் விட்டதால். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மீட்டேன். பதினொரு நிமிஷம். வார்டுத் திரை திறந்தது. கட்டில் 14: அப்பா பெயர். நிலை: சிகிச்சையில். அடுத்த மருந்து மாலை நான்கு மணி.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்?

மார்ச் 7
விட்டுப்போன மூன்று நாளையும் வார்டு நோட்டுகளைப் பார்த்து ஏற்றினோம். பதிவறை அக்கா வாசிக்க, நான் தட்டினேன். பதினான்கு வந்ததும் நிறுத்தினார். "இத நான் போட்டுக்கறேன். நீ போய் டீ குடிச்சிட்டு வா."

"அப்புறம் பாத்துக்கலாம்க்கா."

அவர் பக்கத்தைத் திருப்பினார். நூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றியாயிற்று. ஒருவரை மட்டும் விட்டுவிட்டேன். தப்புதான். ஆனா முடியல. என்னால முடியல.

மார்ச் 8
வார்டு நர்ஸ் போன்: "பதினாலு காலியாத்தான் கெடக்கு. சிஸ்டம் ஆள் இருக்குன்னு சொல்லுது. இங்க ஒரு பெரியவர் காலைலேருந்து வராந்தால ஸ்ட்ரெச்சர்லயே இருக்காரு."

அக்கா எழுந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

அப்பாவின் பதிவைத் திறந்தேன். வெளியேறிய விதம் என்று திரை கேட்டது. பட்டியலில் முதலாவதாக 'வீடு திரும்பினார்' நின்றது. இறக்கி, கடைசியில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். தேதி 5. நேரம் 9.40. அதற்குப் பிறகு அழுதேன். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் மறுபடி போன் செய்து சொன்னார்: "பெரியவரப் படுக்க வெச்சாச்சும்மா."

மார்ச் 24
பழைய ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கினேன். 3ஆம் தேதியுடையதும் அதில் ஒன்று. உறுதிதானா என்று கேட்டது. ஆம் என்று தட்டினேன். இடம் இப்போது அறுபத்தொரு சதவீதம்.